கோலார் தங்கவயலில் கல் பார்க்கப் போனது

வெள்ளிக்கிழமை மாலை, லால்பாக்

கோலார் தங்கவயலுக்குப் போக நினைப்பவர்கள், ரயில் ஏறுவதற்கு முன்பு பெங்களூர் லால்பாக் பாறையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது நல்லது என்பது என் கட்சி. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறையில் மாலை வேளையில் நடைப்பயிற்சிக்காரர்களுக்கும் சுண்டல் விற்பவர்களுக்கும் குறைவில்லை. அங்கே வைக்கப்பட்டிருக்கும் பலகையை நின்று படிப்பவர்கள்தான் குறைவு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்தப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. தீபகற்ப நைஸ் எனப்படும் அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். மழை கழுவிவிட்ட இடத்தில் குனிந்து பார்த்தால், வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறி நெளிந்து ஓடுவது தெரியும். வெளிறியவை குவார்ட்ஸ் (நம் வெங்கச்சங்கல்), ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமங்கள். கறுத்தவை பயோட்டைட் என்னும் கறுப்பு அபிரகமும் ஹார்ன்பிளெண்டும்.

தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு இந்த நைஸ்தான் அடித்தளம். கட்டடம் கட்டுவதற்கு அருமையான கல். ஆனால் தங்கத்துக்கு இதனிடம் கை நீட்டிப் பயனில்லை. கர்நாடகத்தின் தங்கம் இந்த நைஸுக்கு நடுவே வடக்குத் தெற்காகக் குறுகி நீண்டு கிடக்கும் கரும்பச்சைப் பாறைப் பட்டைகளில்தான் இருக்கிறது. ஹட்டி தங்கச் சுரங்கம் அப்படிப்பட்ட ஒரு பட்டையில் அமைந்தது, கதக் இன்னொன்றில். கோலார் பட்டை இவற்றுள் மிக ஒடிசலானது: நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், அகலம் பெரும்பாலான இடங்களில் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். தெற்கே அது ஆந்திரத்தின் பிசநத்தம், சிகரகுண்டா வழியாகச் சென்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையையும் தொடுகிறது. லால்பாக் பாறையைக் கண்ணில் பதித்துக்கொண்டு போனால், அங்கே தரை மாறும் இடம் தானாகத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1894இல் மைசூர் சமஸ்தானம் தொடங்கிய புவியியல் துறைக்கு முதல் தலைவராக வந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட். ஒரே ஆளின் வாழ்நாளுக்குள் பல்லாவரத்துச் செம்மண்ணும் மைசூர்த் தங்கப் பாறையும் அடங்கிவிட்டன என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சனிக்கிழமை, மாரிக்குப்பம்

காலை ரயிலில் வந்தேன். எதிர்த்திசையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டம் பங்காருப்பேட்டை நடைமேடையில் நெருக்கியடித்து நின்றது. சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலின் பிழைப்பு இந்த ரயில் பாதையில்தான் ஓடுகிறது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று கிளைப்பாதையின் நிலையங்கள் வரிசையாக வந்தன. பெட்டிக்குள் கேட்டதெல்லாம் தமிழ். வட ஆற்காட்டுச் சாயல் தலைமுறைகள் கடந்தும் கரையாத தமிழ்.

டேக்கல் பக்கம் உருண்டைக் கற்களை அடுக்கியதாக நிற்கும் குன்றுகள் வரை, நேற்றுப் பார்த்த வெளிறிய கல்லின் இனம்தான். கிளைப்பாதையில் திரும்பியதும் மண் செக்கச் சிவந்து, தண்டவாள ஓரத்துப் பாறை கறுக்கிறது. அந்தக் கறுப்புக்கல் ஆம்பிபோலைட். ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு, பிற்காலத்தில் புதைந்து, வெந்து, அழுந்தி, ஹார்ன்பிளெண்ட் படிகங்களாக மாறிய பாறை அது. உடைந்த முகத்தில் வெயில் பட்டால், ஊசி ஊசியான படிகங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருப்பது மினுங்கும்.

என் நண்பரின் தந்தையார் இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலையத்துக்கே வந்திருந்தார். சுரங்கக் கோபுரங்களைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும், உள்ளே விடமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இறங்குவதற்கும் ஒன்றுமில்லை, பம்புகள் நின்ற பிறகு ஷாஃப்டுகள் எனப்படும் செங்குத்துச் சுரங்கக் கிணறுகளில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

தங்கவயலின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக மைக்கேல் லாவெல்லிலிருந்து தொடங்குவார்கள். பெங்களூர் லாவெல் சாலைக்குப் பெயர் தந்தவர். 1871இல் ஜான் வாரன் என்பவரின் பழைய குறிப்பைப் படித்துவிட்டு மாட்டுவண்டியில் வந்தவர். 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கியவர். ஆனால் அந்த வாரனுக்கு 1802இல் வழி காட்டியவர்கள் ஊரிகம், மாரிக்குப்பம் கிராமத்தார்தான். மண்ணை வண்டியில் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே அரித்து, பொன் துகளைக் காட்டினார்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தும் தொடக்க ஆண்டுகளில் போட்ட பணம் கரைந்ததே ஒழியத் தங்கம் கிடைக்கவில்லை. அந்தப் பத்தாண்டின் நடுவில், மைசூர் சுரங்கத்தில் பிளம்மர் என்னும் கேப்டன் பழங்காலத்தார் தோண்டிய குழிகளுக்கு அடியிலேயே தொடர்ந்து இறங்கியபோதுதான் சாம்பியன் ரீஃப் (பாறைப் பிளவில் நிரம்பிய, தங்கம் உள்ள குவார்ட்ஸ் நாளம்) அகப்பட்டது. தீ மூட்டிப் பாறையைச் சுட வைத்து, தண்ணீர் ஊற்றி விரிசல் விடச்செய்து தோண்டிய அந்தப் பெயரறியாத மனிதர்கள் எங்கே நிறுத்தினார்களோ அங்கேதான் செல்வம் தொடங்கியது. கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தை யாருக்குத் தருவது என்று கேட்டால், என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

மாலையில் ஒரு மேட்டில் ஏறி நின்று, கிழக்கிலிருந்து மேற்காக ஐயா கையை நகர்த்திக் காட்டினார். கிழக்கு ஓரத்தில் சாம்பியன் நைஸ். அதை ஒட்டிய ஆம்பிபோலைட்டுக்குள் சாம்பியன் ரீஃப். அதற்கும் மேற்கே ஓரியன்டல், மெக்டாகார்ட் முதலிய ரீஃப்கள். மேற்கு ஓரத்தில் இரும்புப் பட்டைக் குவார்ட்சைட்டின் தாழ்ந்த மேடுகள். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று ஐந்து கம்பெனிகளும் இந்த ஒடுங்கிய கீற்றின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சாம்பியன் ரீஃப் வடக்குத் தெற்காக எட்டுக் கிலோமீட்டர் அளவுக்குத் தோண்டப்பட்ட குவார்ட்ஸ் நாளம். மேற்குப் பக்கம் சாய்ந்து இறங்கி, ஆழம் போகப் போக நிமிர்ந்து, ஏறக்குறையச் செங்குத்தாகிவிடும். அகலம் பல இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவு. அதிலும் எங்கும் தங்கம் கிடையாது. சில பகுதிகளில் கொழித்துக் கிடக்கும், நடுவில் நீளநீளமாக வெறுங்கல்.

நாளம் உண்டான விதம் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. பூமிக்குள் ஆழத்தில், பாறைகள் வெந்து உருமாறும்போது, அவற்றிலிருந்து நீரும் கரியமில வாயுவும் கந்தகமும் பிரிந்து, பாறை நழுவி நசுங்கிய பிளவுகள் வழியாக மேலேறுகின்றன. தங்கம் தனியாகக் கரையாது. கந்தகத்தோடு கைகோத்தால்தான் அந்தக் கொதிநீரில் கரைந்து பயணம் செய்யும். வழியில் பிளவு திடீரென அகன்று அழுத்தம் விழுந்தாலோ, பக்கச்சுவரில் உள்ள இரும்பு கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாலோ, துணையிழந்த தங்கம் அங்கேயே படிந்துவிடும். கூடவே சிலிக்காவும் உறைந்து குவார்ட்ஸாகிறது. எரிமலைக் குழம்பான ஆம்பிபோலைட்டில் இரும்பு நிறைய உண்டு. வெளிறிய நைஸில் குறைவு. தங்கம் ஏன் கரும்பச்சைப் பட்டையைத் தேர்ந்தது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பிளவு ஏன் இங்கே விழுந்தது என்பது. பட்டைக்கு மேற்கே உள்ள நைஸும் கிழக்கே உள்ள நைஸும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும், ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) அளவில் வெவ்வேறு பிறப்புடையவை என்று கிராக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், ராஜாமணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1989இல் எழுதினார்கள். வெவ்வேறு இடங்களில் உருவான இரு நிலத்துண்டுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நகர்ந்து வந்து மோதி ஒட்டிய தையல்கோடுதான் கோலார் பட்டை என்பது அவர்கள் வாதம். அதை ஏற்றுக்கொண்டால், நான் நின்ற மேடு இரண்டு கண்டத்துண்டுகளின் ஒட்டு.

ஞாயிற்றுக்கிழமை, ஐயாவின் வீட்டில்

இன்று வெளியே அதிகம் சுற்றவில்லை. ஐயாவின் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறையக் கற்கள் இருந்தன. பகல் முழுவதும் அவற்றோடு போயிற்று.

முதலில் எடுத்துக் கொடுத்தது சாம்பியன் ரீஃப் கல். நம் ஊர்ப் பொட்டல்களில் கிடக்கும் பால்வெள்ளை வெங்கச்சங்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அழுக்காகத் தெரியும். நிறம் நீலம் கலந்த சாம்பல். குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் பயோட்டைட்டும் ஹார்ன்பிளெண்டும்; அவற்றின் ஓரத்தில் வெளிர்பச்சையாக டயோப்சைட் மணிகள், அங்கங்கே கால்சைட். நாளம் ஒரே தடவையில் நிரம்பவில்லை என்பதற்கு இந்த அடுக்குகள் சாட்சி: பிளவு திறந்தது, குவார்ட்ஸ் நிரம்பியது, மறுபடி நசுங்கியது, மறுபடி திறந்தது. வெள்ளைவெளேரென்று இருக்கும் குவார்ட்ஸில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இந்த மங்கிய கல்லைத்தான் நம்ப வேண்டும் என்றார் ஐயா.

"இதில் தங்கம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி, ஆனா உங்க கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது. உள்ள இத்தனை வருசம் இருந்தேன், கண்ணால தங்கத்தைப் பார்த்தது விரல் விட்டு எண்ணிடலாம். எங்களுக்கு அசே ஆபீஸ் சீட்டுல வர்ற நம்பர்தான் தங்கம்."

அசே ஆபீஸ் என்பது கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் அலுவலகம். கணக்குப் போட்டால் அவர் சொன்னது விளங்கும். இந்த வயல் மொத்தம் ஐந்து கோடி டன்னுக்குச் சற்று மேற்பட்ட தாதுவிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கத்தைத் தந்தது. ஒரு டன் கல்லுக்குச் சராசரியாகப் பதினைந்து பதினாறு கிராம். கடைசிக் காலத்தில் அதுவும் மிகத் தாழ்ந்துவிட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த அந்த 800 டன்னையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால், மூன்றரை மீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஒரு சின்னப் படுக்கையறைக்குள் அடங்கிவிடும்.

அடுத்த கல் மேற்கு ரீஃப்களில் ஒன்றிலிருந்து வந்தது. கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. இதில் தங்கம் தனித்து நிற்பதில்லை. கந்தகக் கனிமங்களோடு கலந்து கிடக்கிறது. வெண்கல நிறத்தில் இருந்தது பைரோடைட். ஐயா ஃபிரிட்ஜிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி வந்து வைத்ததும் ஒட்டிக்கொண்டது. அதன் நடுவே வெள்ளியாகப் பளபளத்த ஒரு கோட்டைக் காட்டி, இதுதான் வெள்ளியா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, சுத்தியலால் அந்த இடத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, மூக்கருகே நீட்டினார். பூண்டு வாடை. ஆர்சனிக் சேர்ந்த ஆர்சனோபைரைட் அது. தட்டினால் பூண்டு மணக்கும். முகர்ந்த பிறகு கையைக் கழுவச் சொன்னார்.

உண்மையான வெள்ளி இந்தச் சுரங்கத்தில் தனி நாளமாகக் கிடையாது, தங்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தங்க அணுவும் வெள்ளி அணுவும் ஏறக்குறைய ஒரே பருமன், படிக அடுக்கும் ஒன்றே; ஆகவே இயற்கையில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று தாராளமாக உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் வித்தையை அசே ஆபீஸ் நாள்தோறும் செய்தது. ஐயாவின் வேலை அதற்கு முந்தைய படி: சுரங்க முகப்பில் ரீஃபுக்குக் குறுக்கே உளியால் ஒரு பள்ளம் வெட்டி, விழுந்த சில்லுகளைப் பையில் கட்டி, இடத்தை எழுதி மேலே அனுப்புவது. மேலே அந்தச் சில்லுகளை மாவாக அரைத்து, ஈய ஆக்சைடும் வெங்காரமும் சோடாவும் கொஞ்சம் கோதுமை மாவும் சேர்த்து உலையில் உருக்குவார்கள். மாவின் கரி ஈயத்தை விடுவிக்கும். விடுபட்ட ஈயம் துளித்துளியாக இறங்கும்போது தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் சேரும். கசடு மேலே மிதக்கும். பிறகு அந்த ஈய உருண்டையை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்துப் புடம் போட, ஈயம் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். மிஞ்சுவது குண்டூசித் தலையளவு மணி. அதை எடை போட்டுவிட்டு நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து போகும், தங்கம் நிற்கும். இரண்டு நிறைகளின் வித்தியாசத்தில் வெள்ளி வெளிப்படும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கம் மிகுந்த மணிக்குள் அமிலம் நுழையாது. எனவே ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு அளவுக்கு வெள்ளியை வேண்டுமென்றே சேர்த்து உருக்கி, அதன் பிறகே கரைப்பார்கள். சேர்த்த வெள்ளியைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள்.

இருட்டியதும் விளக்கை அணைத்தார். டின்னில் கடைசியாக இருந்த ஒரு கல்லின் மேல் நண்பர் வாங்கித் தந்த புற ஊதா விளக்கைக் காட்டினார். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சாதாரண விளக்கு இதற்குப் போதாது. குறுகிய அலைநீளம் வேண்டும். பகலில் வெறும் அழுக்கு வெள்ளையாகத் தெரிந்த புள்ளிகள் நீலவெண்மையாகச் சுடர்ந்தன. அவை ஷீலைட், டங்ஸ்டன் உள்ள கனிமம். தங்கத்துக்காக உடைத்த கல்லில் இதுவும் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் இதையும் பிரித்தெடுத்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே ஆழத்தைப் பற்றிப் பேசினோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டரைத் தாண்டி இறங்கியது. ஊர் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கிறது என்றால், சுரங்கத்தின் அடி கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே பாறையின் சூடு 60 செல்சியசுக்கு மேல். சூட்டைவிட அஞ்சவேண்டியது ஏர்பிளாஸ்ட். ஆம்பிபோலைட்டும் குவார்ட்ஸும் கெட்டியான, வளைந்து கொடுக்காத கற்கள். நடுவிலிருந்து ரீஃபை உருவியதும், மேலே நிற்கும் மலையின் பாரம் மிஞ்சிய தூண்களின் மேல் ஏறும். ஓர் அளவுக்கு மேல் பாறை வெடித்துச் சிதறும். ஊருக்குள் வீடுகள் குலுங்கும், பாத்திரங்கள் உருளும், பெண்கள் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். வெட்டிய இடங்களை முட்டுக்கொடுக்க மேலேயிருந்து கருங்கல்லைச் செதுக்கி இறக்கி, உள்ளே சுவர் கட்டினார்கள். குவார்ட்ஸை மேலே அனுப்பி, அதன் இடத்தில் கருங்கல்லை வைத்த சுரங்கம் இது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இந்த ஊரிலேயே தொடங்கப்பட்டது தற்செயலல்ல.

அந்தக் கனமான கல்லுக்கு இன்னொரு பயனும் இருந்தது. கோலார்ப் பாறை தண்ணீரைவிட மூன்று மடங்கு அடர்த்தி. வானிலிருந்து பொழியும் துகள்களை அது வடிகட்டிவிடும். சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்திருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அவர்களோடு சேர்ந்த வெளிநாட்டவரும், 1965இல், எந்தப் பாறையையும் எளிதில் ஊடுருவும் நுண்துகள்களான காற்றுமண்டல நியூட்ரினோக்களின் தடத்தை இங்கே பதிவு செய்தார்கள். உலகின் முதல் பதிவுகளில் ஒன்று. தங்கத்தைவிட இதைத்தான் இந்தச் சுரங்கத்தின் பெரிய விளைச்சல் என்று சொல்வேன். ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த விளைச்சலில் யாருக்கும் போனஸ் வரவில்லையே என்றார்.

திங்கட்கிழமை, மண்மேட்டின் அடியில்

காலையில் பெத்தபள்ளி போய்வந்தேன். எரிமலைச் சிதறலும் தலையணை வடிவக் குழம்பும் உள்ள பாறை அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதுவும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். நீருக்கடியில் கொட்டும் குழம்பு, மேல்தோல் சட்டென்று குளிர்ந்து உருண்டை உருண்டையாக உறையும்; இந்த வயலின் முதல் அத்தியாயம் கடலடியில் நடந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது. வெயில் ஏறிவிட்டதால் அதிக நேரம் நிற்கவில்லை.

மீதி நேரத்தை சயனைடு மேடுகளுக்கு வைத்துக்கொண்டேன். ஊரைச் சுற்றி 13 மேடுகள். மொத்தம் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண். அரைத்த கல்லைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் கொட்டிய சக்கை இது. மழை அரித்த ஓடைகளில் மஞ்சளும் காவியும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரிகின்றன. இவை எல்லாம் கனிம வேலைதான். மிஞ்சிய பைரோடைட்டும் ஆர்சனோபைரைட்டும் காற்றும் மழையும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது அமிலம் உண்டாகிறது. இரும்பு துருவாகி மஞ்சளாகப் படிகிறது. காய்ந்த இடத்தில் சல்பேட் உப்பு பூக்கிறது. மேட்டின் பெயரில் சயனைடு இருப்பதால் மக்களின் அச்சம் முழுவதும் அதன் மேல் போகிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடக்கூடியது. ஆர்சனிக் சிதையாது, வேறு வடிவத்துக்கு மாறி நகரும், அவ்வளவுதான். காற்றடிக் காலத்தில் வீட்டுக்குள் வந்து படியும் நுண்ணிய குவார்ட்ஸ் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. பழைய சுரங்கத் தொழிலாளர்களின் இருமலை அறிந்த ஊருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 2024இல் கர்நாடக அமைச்சரவை, இந்த மேடுகளை மறுபடி பதப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒரு டன் மண்ணில் ஒரு கிராமுக்கும் குறைவாகவே தங்கம் மிஞ்சியிருக்கும். இன்றைய விலையில் அதுவும் கட்டுப்படியாகலாம். கட்டுப்படியாகுமா என்பதைவிட எனக்கு இன்னொன்றுதான் முக்கியமாகப் படுகிறது. தங்கத்தை எடுத்த பிறகும் இந்த மூன்று கோடி டன் அப்படியே மிஞ்சும், முன்பைவிட நுண்ணியதாக. அதிலுள்ள கந்தகக் கனிமங்களைத் தனியே பிரித்தெடுப்பார்களா, ஈரம் புகாதபடி மூடுவார்களா, சுரங்கத்தின் வெற்றிடங்களையே நிரப்பப் பயன்படுத்துவார்களா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஐயா அந்தச் செய்தி வந்த நாளிதழை எடுத்து வைத்திருக்கிறார். அதில் வேலைவாய்ப்பைப் பற்றி இரண்டு பத்திகள் இருந்தன, ஆர்சனிக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை.